ஒரு மாரியும் இரண்டு சோளகமும் கண்ட பிறகு: எங்கள் சிலைடிங் கதவும் யன்னல்களும்

2024 ஆனி மாதத்தில், வீட்டின் பின்பக்கச் சுவரை உடைத்து ஆறடி அகலத்துக்கு அலுமினியச் சிலைடிங் கதவு ஒன்று போட்டோம். கூடவே பழைய மர யன்னல்களைக் கழற்றிவிட்டு நான்கு அலுமினிய யன்னல்களும். பூட்டின கிழமையே படம் போட்டபோது நிறையப் பேர் எங்கே செய்தது, நல்லதா, நாங்களும் செய்யலாமா என்று கேட்டார்கள். அப்போது பதில் எழுதவில்லை, ஏனென்றால் ஒரு மாரி பார்க்காமல் வன்னியில் ஒரு கதவை நல்லது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஒரு மாரியும், தென்மேற்குக் காற்றடிக்கிற இரண்டு சோளகமும் பார்த்தாயிற்று. எழுதலாம்.

வீடு கிளிநொச்சி மாவட்டத்தில் தருமபுரம் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற கிரவல் ஒழுங்கையில் இருக்கிறது. இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் கட்டியது. ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய், 550 சதுர அடி, கட்டம் கட்டமாகக் காசு வந்தது, நாங்களே நின்று கட்ட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்குத் தெரியும், காசு இறுகும்போது முதலில் குறைவது கதவும் யன்னலும்தான். அத்திவாரத்தில் குறைக்க முடியாது, கூரையில் குறைக்க முடியாது, ஆகவே காயாத பலகையில் நிலை அடித்துப் பூட்டிவிட்டுக் குடிபுகுந்தோம். மூன்றாம் வருடமே யன்னல்கள் முறுகின. ஐந்தாம் வருடம் நிலைக்குள் கறையான். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பெயின்ட் மட்டும் நிற்கும், உள்ளே மண். முதிரையிலோ பாலையிலோ திரும்பச் செய்யலாம் என்று கேட்டுப் பார்த்தோம். மரத்தின் விலையும் அதை ஏற்றிவர எடுக்க வேண்டிய அனுமதியும் சேர்ந்து அந்த யோசனையை விட வைத்தன. 2022இல் அலுமினியத்துக்குப் போகலாம் என்று நினைத்த நேரம் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனது, அதனால் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப் போயிற்று.

ஆனால் நாங்கள் இதைச் செய்ததற்கு உண்மையான காரணம் கறையான் இல்லை. அண்ணாவுக்கு 2009இல் இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. வீட்டுக்குள் சக்கர நாற்காலிதான். பழைய பின்கதவின் உள் அளவு 2 அடி 4 அங்குலம், நாற்காலி 2 அடி 1 அங்குலம். கணக்குக்குப் போகும். ஆனால் சில்லைத் தள்ளுகிற கை நிலையில் உரசாமல் போகாது. அவருடைய இரண்டு கையிலும் விரல் முட்டிகளில் எப்போதும் ஒரு காய்ந்த பொருக்கு இருக்கும், ஆறுவதற்குள் திரும்ப உரிந்துவிடும். அதோடு இரண்டு அங்குல உயரத்தில் மர வாசற்படி. அந்தப் படியைத் தாண்ட யாராவது பின்னால் நின்று நாற்காலியைச் சரித்துப் பிடிக்க வேண்டும், ஆகவே நான் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்வரை அவர் வளவுக்குப் போக மாட்டார். பத்து வருடம் அப்படித்தான் போனது.

கனடாவில் இருக்கிற தம்பி பாதிக் காசு தருகிறேன் என்றான். அவன் அங்கே தன் வீட்டுப் பின்கதவைப் படம் எடுத்து அனுப்பி, இப்படி யூபிவிசி பிளாஸ்ரிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி போடுங்கள் என்று நின்றான். அங்கே குளிருக்கு அது சரி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்ட காற்று வீட்டுச் சூட்டை வெளியே விடாது. இங்கே நாங்கள் பகல் முழுக்க எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறவர்கள், ஏசியும் இல்லை. திறந்திருக்கிற யன்னலில் ஒரு கண்ணாடி என்ன, இரண்டு கண்ணாடி என்ன. அந்தக் காசைக் கொண்டு கூரைத் தாவாரத்தை நான்கு அடி வெளியே நீட்டினோம், அது செய்த வேலையை எந்தக் கண்ணாடியும் செய்திருக்காது. அவனும் வந்து நின்று பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

சரி, கடை. நான்கு இடத்தில் விலை கேட்டேன். எல்லோரும் சதுர அடிக் கணக்கில்தான் சொல்வார்கள். கதவு ஆறடிக்கு ஏழடி, 42 சதுர அடி. யன்னல் ஒவ்வொன்றும் நாலுக்கு நாலு, ஆக 64. மொத்தம் 106. குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தது. எனக்குச் சொன்ன விலையை இங்கே போட்டால் அடுத்த மாதமே பிழையாகிவிடும், அதனால் போடவில்லை. ஆனால் அந்த வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது என்று சொல்லலாம்: அலுமினியச் சட்டத்தின் தடிப்பு, கண்ணாடியின் தடிப்பு, கதவு ஓடுகிற சில்லு. மூன்றையும் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். சட்டத்தில் வெட்டின துண்டு ஒன்று எந்தப் பட்டறையிலும் கிடக்கும். எடுத்து விளிம்பைப் பாருங்கள், இரண்டு விரலால் நெரித்துப் பாருங்கள். விலை குறைவாகச் சொன்ன இடத்தில் தந்த துண்டு என் கைக்கே வளைந்தது. ஏழடிக் கதவு காற்றுக்கு ஆடாமல் நிற்க வேண்டும் என்றால் அது போதாது. சில்லு முழு நைலோனா, உள்ளே பெயரிங் உள்ளதா என்றும் கேளுங்கள். வெறும் நைலோன் சில்லு எங்கள் கிரவல் தூசியில் கெதியாகத் தேய்ந்து சப்பையாகிவிடும் என்று விலை கூடின கடைக்காரரே எடுத்துக் காட்டினார்.

கடைசியில் கிளிநொச்சியில் நடுத்தர விலை சொன்ன ஒரு பட்டறையைத் தெரிவு செய்தோம். பெயர் போடவில்லை. நல்ல வேலையும் ஒரு பெரிய பிழையும் ஒரே ஆட்கள் செய்தது, பிழையைத் தாங்களே வந்து திருத்தியும் தந்தார்கள், ஆகவே பெயரை வைத்து யாரும் ஒரு முடிவுக்கு வர வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அளவு எடுக்க வந்த பொடியன் ஒரு தடவை அளந்துவிட்டுப் போகவில்லை. அகலத்தை மேலே, நடுவிலே, கீழே என்று மூன்று இடத்தில் எடுத்தான், பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் பிடித்தான். ஒரு குறுக்கு மற்றதைவிட அரை அங்குலம் கூட. "ரீச்சர், உங்கட சுவர் சரிஞ்சு நிக்குது, மேசனைக் கொண்டு பூசி நேராக்கினாத்தான் நான் ஓடர் குடுப்பன்" என்றான். அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, மேசனுக்கு இன்னும் இரண்டு நாள் சம்பளம். ஆனால் அவன் சொன்னதுதான் சரி. கதவுக்கு டெம்பர் கண்ணாடி போட்டோம், அது அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கி உடனே காற்றடித்துக் குளிர வைத்த கண்ணாடி, அதற்குப் பிறகு ஒரு நூல் அளவும் வெட்ட முடியாது. அளவு பிழைத்தால் கண்ணாடியைத் தூக்கி எறிவதுதான் வழி. சக்கர நாற்காலியின் கால்தட்டு முட்டுகிற உயரத்தில் கண்ணாடி வருவதால் சாதாரணக் கண்ணாடி வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். டெம்பர் உடைந்தால் கத்தி போலத் துண்டாகாமல் சின்னச் சின்னக் குறுணியாகக் கொட்டும். ஒரு மூலையில் சின்னதாக முத்திரை இருக்கும், கண்ணாடி வந்து இறங்கினதும் அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுக்க விட்டேன்.

சுவரை உடைக்கும் வேலை மேசனுடையது. இதை அலுமினியக் கடை செய்யாது, தனியாகப் பேச வேண்டும். இரண்டரை அடி வாசலை ஆறடி ஆக்கினால் மேலே சுவரைத் தாங்கப் புதிதாக லிண்டல் போட வேண்டும், அது இரண்டு பக்கமும் சுவருக்குள் ஒன்பது அங்குலமாவது உட்கார வேண்டும். எங்கள் மேசன் முட்டுக் கொடுத்த தடிகளை இரண்டு கிழமை எடுக்க விடவில்லை. இன்னொன்று, பூச்சு வேலை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகுதான் அலுமினியம் வர வேண்டும். ஈரச் சீமெந்து பட்டால் அலுமினியத்தைத் தின்னும், கறை போகாது. பக்கத்து வளவில் கதவைப் பூட்டிவிட்டுப் பூசினார்கள், சட்டம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு, தேய்த்தும் போகவில்லை.

கீழ்த் தண்டவாளம்தான் இந்த வேலையின் உயிர். வழமையாக அதைத் தரைக்கு மேல் வைத்துப் பூட்டுவார்கள், ஒன்றேமுக்கால் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும். எங்களுக்கு அது ஆகாது, பழைய வாசற்படியைத் திரும்ப வாங்கினது போல ஆகிவிடும். தரையை வெட்டிப் பள்ளமாக்கி, தண்டவாளத்தின் மேல் விளிம்பு உள்தரையோடு ஒன்றாக வருவது போல இறக்கச் சொன்னேன். பட்டறை உரிமையாளர் முதலில் மறுத்தார், தண்ணீர் உள்ளே வரும் என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. உயர்ந்து நிற்கிற தண்டவாளம் ஒரு சின்ன அணைக்கட்டு மாதிரி, அதை இறக்கினால் மழைத் தண்ணீருக்கும் ஹோலுக்கும் நடுவே ஒன்றுமில்லை. அதற்கு நாங்கள் செய்தது: வெளித்தரையை உள்தரையைவிட இறக்கி, கதவிலிருந்து விலகிச் சரியும்படி பூசி, கதவுக்கு வெளியே நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி மேலே கம்பித்தட்டு போட்டோம். அதற்கப்பால் வளவுக்கு இறங்கச் சரிவு. வீடு வளவைவிட ஓர் அடி உயரம், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது சக்கர நாற்காலிச் சரிவுக்குச் சொல்கிற கணக்கு, ஆகவே பன்னிரண்டு அடி. மேசன் ஆறடி போதும் என்றார். அண்ணா அவரை நாற்காலியில் இருத்தி, பலகை போட்டு, நீங்களே தள்ளி ஏறுங்கோ என்றார். பிறகு பன்னிரண்டு அடிதான்.

நாற்காலியின் முன்சில்லு சின்னது, தண்டவாள இடைவெளியில் விழுந்து சிக்கும் என்று பூட்டின அன்றே தெரிந்தது. இரண்டு பலகைக் கதவில் ஒன்று அசையாமல் நிற்பது, அதனால் திறக்கிற பக்கத்தில் அதனுடைய தடம் சும்மா கிடக்கும். அந்தத் தடத்தை நிரப்பி, துளையிட்ட அலுமினியப் பட்டை ஒன்றை அந்தப் பொடியன் தானாகவே வெட்டிக் கொண்டுவந்து வைத்தான். காசு கேட்கவில்லை. இப்போது ஒரு தடம் மட்டும்தான், சில்லு சின்னதாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கடந்து போகும்.

இனிப் பிழை. ஐப்பசியில் முதல் பெருமழை வாடைக்காற்றோடு வந்தது. எங்கள் பின்பக்கம் வடகிழக்கைப் பார்த்தது, நேரே அடித்தது. இரவு பத்தரை இருக்கும், தண்டவாளத்துக்குள் தண்ணீர் ஏறி ஏறி, விளிம்பு வரை வந்து, ஹோலுக்குள் மெதுவாக விரிந்தது. அண்ணாவின் மெத்தை கீழேதான், அம்மாவும் நானும் சேர்ந்து இழுத்தோம், அரைவாசி நனைந்துவிட்டது. விடிய விடியச் சாக்கும் பழைய சாரமும் போட்டுப் பிழிந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காசை எல்லாம் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டேனே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது.

காலையில் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்து பார்த்தேன். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் போக நீளத் துவாரங்கள் இருக்க வேண்டும். இருந்தன. அவற்றின் மேலேயே சிலிக்கன் இழுத்து, விரலால் வடிவாகத் தடவி, மூடிவிட்டிருந்தார்கள். பார்க்க அவ்வளவு துப்புரவான வேலை. படம் எடுத்து அனுப்பினேன். "ரீச்சர், மழை விட்டதும் வாறம்" என்றார்கள், வந்தது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாளும் ஒரு குச்சியால் நானே சிலிக்கனைக் கிண்டி ஓட்டை விட்டு வைத்திருந்தேன். வந்தவர்கள் மட்டம் பிடித்துப் பார்த்தால் தண்டவாளம் உள்பக்கம் நான்கு மில்லிமீற்றர் சரிந்தும் இருந்தது. அதைக் கழற்றித் திரும்ப இருத்தி, துவாரங்களைத் திறந்து, சிலிக்கனை மேல் விளிம்பில் மட்டும் இழுத்தார்கள். உரிமையாளர் தானே வந்து மன்னிப்புக் கேட்டார், மெத்தைக்குக் காசு தருகிறேன் என்றார். நாங்கள் வாங்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். மிச்சக் காசைக் கொடுக்க முன், அவர்கள் நிற்கும்போதே, ஒரு வாளித் தண்ணீரைத் தண்டவாளத்துக்குள் ஊற்றுங்கள். வெளியே ஓடிப் போகிறதா, உள்ளே ஏறுகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் வெயில் காலத்தில் பூட்டினேன், ஊற்றிப் பார்க்க யோசனை வரவில்லை. திருத்தின பிறகு ஊற்றினேன், மூன்று வாளி. கார்த்திகைக் கடைசியில் ஃபெங்கல் புயல் நேரத்து மழை நாள்கணக்காக விடாமல் பெய்தபோது ஹோல் தரை காய்ந்தே இருந்தது. தண்டவாளம் நிரம்பும், துவாரத்தால் வாய்க்காலுக்கு வழியும், திரும்ப நிரம்பும். அண்ணா நாற்காலியைக் கிட்டக் கொண்டுவந்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யன்னல்களில் எனக்கு அரைத் திருப்திதான், அதில் கூடுதலான குற்றம் என்னுடையது. இரண்டு அறைக்கும் வெளியே திறக்கிற வகை, ஹோலுக்கும் குசினிக்கும் சிலைடிங். சிலைடிங் யன்னல் எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். நாலடி யன்னலில் இரண்டடிக் காற்று. ஹோலில் பெரிய கதவு இருப்பதால் தெரியவில்லை, ஆனால் அம்மா விறகடுப்பில் சமைக்கிறவர், குசினியில் புகை போகவில்லை. முழுதாகத் திறக்கிற வகையைக் குசினிக்குப் போட்டிருக்க வேண்டும். அறை யன்னல்கள் சோளகத்தில் நல்ல காற்றைத் தருகின்றன, ஆனால் கொளுக்கி நல்ல பாரமானதாகக் கேளுங்கள், வைகாசி ஆனியில் அடிக்கிற காற்றுக்கு மெல்லிய கொளுக்கி இரண்டு மாதத்தில் வளைந்து நாங்கள் மாற்றினோம். நுளம்பு வலை கட்டாயம், அதில் பேச்சே இல்லை. குசினிக்குப் போட்ட நைலோன் மாதிரி வலையை ஒரு வாழைப்பழச் சீப்புக்காகக் குரங்கு கிழித்துவிட்டது, பிறகு அந்த ஒரு யன்னலுக்குத் துருப்பிடிக்காத உருக்கு வலை மாற்றினோம். வலையைக் கழற்றித்தான் வெளியே திறக்கிற யன்னலின் கைபிடியைப் பிடிக்கலாம் என்பது அம்மாவுக்கு அரியண்டம். அதற்கு நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை.

கண்ணாடி நிறம் பற்றிக் கடையில் நிறையச் சொல்வார்கள். மேற்கு யன்னலுக்கு மண்ணிறக் கண்ணாடி போட்டோம். கண் கூசுவது குறைந்தது, சூடு பெரிதாகக் குறையவில்லை, கண்ணாடியே சுட்டுக்கொண்டு நிற்கும். வெளியே ஒரு பூவரசு வைத்திருக்கிறேன், அது வளர்ந்தால்தான் அந்த அறைக்கு விடிவு. பெரிய கதவின் கண்ணாடி நிறமில்லாதது, ஆனாலும் காலை வெயிலில் வெளியே இருந்து பார்த்தால் முகம் தெரியும், மயில் ஒன்று ஒவ்வொரு நாளும் வந்து தன்னையே கொத்திக்கொண்டு நின்றது. கீழ்ப்பாதிக்கு வெளியே பழைய உரச் சாக்கை இரண்டு கிழமை தொங்கவிட்டோம், பிறகு அது வரவில்லை.

பூட்டைப் பற்றி. சிலைடிங் கதவோடு வருகிற கொளுக்கிப் பூட்டை மட்டும் நம்பிப் படுக்க எனக்கு முடியாது. பழைய தும்புத்தடியின் பிடியை அளவாக வெட்டி, இரவில் உள் தடத்தில் படுக்க வைக்கிறோம், வெளியே நின்று எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கதவை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் தடத்தில் ஒரு கட்டை வைக்கச் சொல்லியும் கேளுங்கள், கேட்டால் வைப்பார்கள், கேட்காவிட்டால் வைக்க மாட்டார்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் தூசிதான். சோளகத்தில் ஒழுங்கையில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனால் போதும், தண்டவாளம் சிவந்துவிடும். பெயின்ட் பிரஷ் ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன், கிழமைக்கு இரண்டு தரம் கூட்டி, ஈரத்துணியால் துடைத்தால் விரல் ஒன்றால் தள்ளலாம். தேங்காய் எண்ணெய், கிறீஸ் ஒன்றும் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து களியாகி சில்லைப் பிடித்துவிடும். இறுகினால் மெழுகுதிரியைத் தடத்தில் தேய்க்கிறோம்.

திறந்த அகலம் 2 அடி 10 அங்குலம். இரண்டு கைக்கும் நாலு அங்குலத்துக்கு மேல் இடம் இருக்கிறது. அண்ணா விடியற்காலையில் நாங்கள் எழும்ப முன்னமே கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டைத் திறந்துவிடுகிறார், மாசியில் நெல் காயப்போட்ட நேரம் முழுக்க வளவில்தான் இருந்தார், மழை இருட்டினால் முதல் சத்தம் அவருடையதுதான் வரும். முட்டியில் பொருக்கு இல்லை, அந்த இடத்தில் இப்போது வெளிறின தோல்.

முன்வாசலுக்கும் போன கிழமை அதே பொடியன் வந்து அளவு எடுத்துவிட்டுப் போனான். இந்த முறை வாளியைத் தானே கேட்டான். சிறுபோக நெல் விற்றதும் முற்பணம் கொடுக்க வேண்டும்.